துணிக்கு இரண்டு பக்கமும் படம்

தம்பிகளா, போன வாரம் உங்கள் புதிய கலைக்கூடத்தைச் சுற்றிக்காட்டினீர்கள். கறுப்புச் சுவர், குளிர்சாதனம், சுவருக்குச் சுவர் ஓடுகிற வீடியோ, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். படம் முடிந்த நொடியில் விளக்கு தானாகவே எரிகிறது என்று அதையும் ஒருமுறை எரியவிட்டுக் காட்டினீர்கள். எல்லாம் பிரமாதம். போகிற போக்கில் உங்களில் ஒருவர், “உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார், திருப்பூர்ல என்னத்தக் காட்டியிருப்பீங்க?” என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். வந்தால் லேசில் போகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடமும் ஒரு கூடம் இருந்தது. எழுபதுகளில் பனியன் கம்பெனி முதலாளிகள் சிலர் சேர்ந்து, ஒரு நூல் குடோனின் மாடியைக் காலிசெய்து, வெள்ளையடித்து, “கலைக்கூடம்” என்று போர்டு மாட்டினார்கள். ஊருக்குப் பெருமை வேண்டும் என்பது அவர்கள் ஆசை. என்னை மேனேஜராகப் போட்டார்கள். மேனேஜர் என்றால் படம் மாட்டுவது, ஆணி பிடுங்குவது, மெட்ராஸிலிருந்து வருகிற ஓவியரை ஸ்டேஷனில் போய் அழைத்துவருவது, கண்காட்சியின் இடையில் ஒரு நாள் அவரைப் பார்வையாளர்களோடு உட்காரவைத்துப் பேசவைப்பது. அந்தப் பேச்சுதான் பெரும்பாடு.

நம் ஊர்க்காரர்களுக்குக் கலை தெரியாது என்று அப்போதும் பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒருமுறை வெறும் கோடும் கட்டமுமாக வரைகிற ஓவியர் ஒருவர் வந்தார். பிரிண்டிங் பட்டறைக்காரர் ஒருவர் அவருடைய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “இதுக்கு எத்தன கலருக்குங்க பிளாக் போட்டீங்க?” என்று கேட்டார். ஓவியருக்கு முகம் செத்துவிட்டது. அன்று இரவு சாப்பாட்டில்கூட அதையே சொல்லிப் புலம்பினார். நான் சொன்னேன், உங்கள் படத்தை அவ்வளவு நேரம் யாராவது நின்று பார்த்திருக்கிறார்களா, அதைச் சொல்லுங்கள் முதலில் என்று. அவர் அப்புறம் எங்கள் ஊருக்கு வரவில்லை. போகட்டும்.

நான் சொல்லவந்தது சினிமாப் படம் காட்டிய கதை. சினிமா என்றால் தியேட்டரில் ஓடுகிற சினிமா இல்லை. நீங்கள் இன்று வீடியோ ஆர்ட் என்கிறீர்களே, அதற்கு மூத்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் ஓவியம் படித்த ஓர் அம்மா, பதினாறு எம்.எம். கேமரா ஒன்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, இங்கே ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படம் எடுத்தார். கம்பெனியின் பெயர் எங்கும் வரக்கூடாது என்பது மட்டும்தான் முதலாளியின் நிபந்தனை. படத்தில் கதை இல்லை, பேச்சு இல்லை, முகம்கூட இல்லை. வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பனியனை மடிக்கிறார்கள், அட்டைப்பெட்டியில் வைக்கிறார்கள், மூடுகிறார்கள். கைகள், கைகள், கைகள். அந்த வரிசையில் எல்லோரும் வலது கையால் மடிக்க, ஒரே ஒரு பெண் மட்டும் இடது கையால் மடிப்பார். பக்கத்தில் இருப்பவரின் கையும் அவர் கையும் விலகி விலகிச் சேரும்போது கும்மியடிப்பதுபோல இருக்கும். படமே அந்தக் கையைத்தான் சுற்றி வரும். மூன்று நாள் மாலையும் காட்டுவது, நடு நாளில் அந்த அம்மா பேசுவது என்று ஏற்பாடு.

திரை வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். எங்கள் கூடத்தின் தலைவர் பெரிய முதலாளி, விடுவாரா? “ஏனுங் மேனேஜரு, பனியன் ஊருல உக்காந்துட்டு துணிக்கு வெளியூரு போறதுங்களா? ஆராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க!” என்று சலவைப் பட்டறையிலிருந்து வெளுத்த துணியைக் கட்டுக்கட்டாக அனுப்பிவிட்டார். பனியன் துணி மெஷினிலிருந்து குழாய்போல வரும். அதை நீளவாக்கில் கிழித்துப் பிரித்தால் ஓரம் சுருட்டிக்கொள்ளும். மூங்கிலில் கட்டினால் நடுவில் தொய்யும். எங்கள் எலக்ட்ரீஷியன் முத்தையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “அண்ணாச்சி, இது திரையா, தொட்டிலா? படத்துல வாரவுக எல்லாம் வயிறு பெருத்துல்லா தெரிவாக!” என்று அலுத்துக்கொண்டே நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். புரொஜெக்டர் வெளிச்சம் கடைசிச் சுவர் வரை எட்டாது என்று கூடத்தின் நடுவிலேயே குறுக்கே கட்டவேண்டியதாயிற்று. துணிக்குப் பின்னால் பாதிக் கூடம் சும்மா கிடந்தது. அதற்குப் பின்படிக்கட்டு வழியாகத் தனி வாசல்.

முதல் நாள். படத்தில் வருகிற பெண்களையே அந்த அம்மா அழைத்திருந்தார். அவர்கள் முன்வாசலில் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஆண்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் இறங்கி, பின்படிக்கட்டில் ஏறி, துணிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். டூரிங் டாக்கீஸில் ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம் என்று பழகியவர்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களே செய்துகொண்டார்கள். எனக்குக் கவலை. அங்கே என்ன தெரியப்போகிறது?

படம் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம். “அய்யே, என்ற கை சோத்தாங்கையா ஆயிப்போச்சுடி!” என்று ஒரு குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒற்றைப் பனியன் துணி வெளிச்சத்தை அப்படியே வடித்து அனுப்பியிருந்தது. படம் அங்கேயும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக, வலம் இடமாக. நடுவில் மட்டும் புரொஜெக்டர் லென்ஸின் வெளிச்சம் ஒரு பொட்டுப்போல. நான் அப்படியே நின்றுவிட்டேன். வாடகைத் திரையைக் கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. எங்கள் தலைவரின் வறட்டுப் பெருமை தந்த அதிசயம் அது. அந்த அம்மாவும் வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “இது நான் எடுக்காத படம்” என்று சொல்லிவிட்டுச் சிறுபிள்ளைபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார்.

சிரித்த பெண்ணை இங்கே சரசு என்று வைத்துக்கொள்கிறேன். அந்த இடது கைக்காரர் அவர்தான். வாயாடி. “எங்கம்மா கை நரம்பு தேயற அளவுக்கு அடிச்சும் மாறாத கையிங்க, உங்க துணி ஒரே நிமிசத்துல மாத்திப்போட்டுதே” என்று என்னிடமே கிண்டல்.

மறுநாள் பிற்பகல் அதே சரசு கூடத்துக்கு வந்தார். கூடவே அவர் கணவர். வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை, நகக்கண்ணெல்லாம் நீலம். சரசுவின் முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

“எங்கண்ணன் வந்திருக்காருங்க. எதுத்தாப்ல டீக்கடையில நின்னு, இன்னிக்குப் படம் எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு இருந்தாருங்க. நான் சந்துல பூந்து வந்துட்டேன்.”

விஷயத்தைப் பிட்டுப்பிட்டு வைத்தார். கணியூர்ப் பக்கம் சொந்த ஊர். வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர். அண்ணன் சோமனூரில் தறி ஓட்டுகிறார். கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று ஊர் நடுவில் நின்று சொன்னவர். தங்கை திருப்பூரில்தான் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, லீவு நாளில் வந்து கம்பெனி கம்பெனியாக விசாரிக்கிறார். கம்பெனிப் பெண்களை எடுத்த படம் என்று இதுவும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இந்த ஊரில் கம்பெனிக்கா பஞ்சம், அதனால் இதுவரை தப்பித்தார்கள்.

“முகம்தான் படத்தில் இல்லையேம்மா” என்றேன்.

“என்ற கை இருக்குதுங்களே. நொட்டாங்கையில சாப்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சின்னதுல துணியப் போட்டுக் கட்டி வெப்பாங்க. ஆருக்கும் தெரியாம அவுத்து உடறது எங்கண்ணன்தானுங்க. அவருக்கா இந்தக் கை தெரியாது?”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பயத்திலா பாசத்திலா என்று எனக்குப் பிரித்துப்பார்க்கத் தெரியவில்லை.

அண்ணன் அந்தக் கையை அடையாளம் கண்டுவிட்டால், படம் எடுத்த கம்பெனி எது என்று கேட்பார். நிபந்தனையாவது ஒன்றாவது, திருப்பூரில் நாலு பேர் சேர்ந்தால் பெட்டியைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடுவார்கள். காட்சியை நிறுத்தலாமா? தலைவர் கோயம்புத்தூர் விருந்தாளிகளையெல்லாம் அன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தார். நிறுத்தினால் ஏன், எதற்கு என்று ஊரே துருவும். அந்த இடத்தை மட்டும் வெட்டலாமா? இருப்பது ஒரே ஒரு பிரதி. அந்த அம்மா கேட்டதுமே நெருப்பாகிவிட்டார். “அந்தக் கையை வெட்டினா அப்புறம் என்ன இருக்கு?”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்று பக்கத்தை மாற்றிவிடுவோம். பெண்கள் புரொஜெக்டர் பக்கம், ஆண்கள் துணிக்குப் பின்னால். சரசுவின் கை ஆண்களுக்கு வலது கையாகிவிடும். அண்ணனுக்குத் தெரிந்தது இடது கை. அது அங்கே இருக்கவே இருக்காது!

எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “என் படத்தைத் திருப்பிக் காட்டறதுக்கு நீங்க யாரு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீங்களும் ஒருநாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிவரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான், “படம் உங்களுடையதம்மா, உயிர் அவங்களுடையது” என்றேன். அவர் சரசுவைப் பார்த்தார். பிறகு, “சரி. ஆனா நீங்க இன்னொண்ணு யோசிக்கல...” என்று ஏதோ ஆரம்பித்தார். நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே. “எல்லாம் யோசிச்சாச்சும்மா” என்று சொல்லிவிட்டு முத்தையாவைத் தேடிப் போய்விட்டேன்.

சரசுவை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “நடுவுல துணி இருக்குதுங்களே. நான் இந்தப் பக்கம் புள்ளைங்களோட புள்ளையா உக்காந்துக்கறேன். எங்கண்ணன் குரலக் கேட்டு வருசக்கணக்காச்சுங்க. தறிக்காரரு, சத்தமாத்தான் பேசுவாரு. நல்லாக் கேக்கும்” என்றார். அவர் கணவர் முன்படிக்கட்டில் நிற்பதாகச் சொன்னார். ஆண்கள் ஏறிவருகிற பின்வாசலில் முத்தையாவை நிறுத்தினேன்.

சாயங்காலம் கூட்டம் அள்ளியது. “இன்னிக்குப் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம்” என்று சொன்னதும் ஆண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. “ஏனுங், எங்களப் பாத்தா எளக்காரமாப் போச்சுங்களா?” “நடுவுல பொட்டு வெச்சாப்ல என்னமோ மின்னுதுங்களே!” ரெண்டு பக்கமும் ஒரே படம்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி உட்காரவைத்தேன். அண்ணனைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணமாகப் பேசுவதே அதட்டுவதுபோல இருந்தது. தறிச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்குக் குரல் அப்படி ஆகிவிடும். முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

படம் ஓடியது. சரசுவின் கை வந்தது. வலது கை. அழகாக, எந்தச் சந்தேகமும் இல்லாத வலது கை. நான் மூச்சை விட்டேன். அடுத்து முழு வரிசையும் தெரிகிற காட்சி வந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

“ஏனுங் மேனேஜரு! இந்தக் கம்பெனியில பூரா நொட்டாங்கையாப் பாத்துத்தான் வேலைக்கு எடுப்பாங்களா? ஒரே ஒரு புள்ளதான் சோத்தாங்கையில மடிக்குது!”

கூடமே சிரித்தது. சரசுவின் கை வலமானால் மற்ற எல்லாக் கையும் இடமாகும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. அந்த அம்மா சொல்லவந்தது இதைத்தான். கலைஞர் பேச ஆரம்பித்தால் அவர் முடிக்கிற வரை கேளுங்கள், தம்பிகளா. அவர் படத்தை அவர் பார்த்த அளவு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றை மாற்றி ஒன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு தொடங்கியது. அந்த அம்மா இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற மாதிரி துணியின் ஓரத்தில், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் ஒரு வாக்கியம், அந்தப் பக்கம் ஒரு வாக்கியம். “கதை எங்கீங்கம்மா?” என்று ஒருவர். “கை என்ன செய்யுதோ அதுதாங்க கதை” என்றார். “அத்தன மெஷினு இருக்க, மடிக்கறதப் போயி எடுத்தீங்களே, அது என்ன ரோசனை?” என்று இன்னொருவர். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தொழிலாளிப் பெண்ணின் குரல், “மெஷினு படத்துல வந்தா நாங்க எப்பத்தான் வாறது?” என்று பதிலடி கொடுக்க, அங்கே ஒரே கைதட்டல். சாதாரண நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நான் காலமெல்லாம் கொண்டாடியிருப்பேன். அன்று காதில் ஏறவில்லை. “எந்தக் கம்பெனிங்க இது?” என்று யாரோ கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு, அதைச் சொல்வதில்லை என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்றேன்.

அண்ணன் எழுந்தார். முத்தையா வாசலில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன்.

“ஏனுங்கம்மா” என்றார். அந்தக் குரலுக்கு எதிர்ச்சுவரே அதிர்ந்தது. “கம்பெனி எதுன்னு நான் கேக்கலீங்க. அந்தத் தனிக் கை... அவிங்க நல்லா இருக்காங்களா?”

கூடத்தில் சிலர் கொல்லென்று சிரித்தார்கள். என்ன கேள்வி இது! அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நல்லா இருக்காங்க” என்றார் அவர். “நிறையப் பேசுவாங்க. நான் கேமராவைத் தூக்கினாலே கிண்டல் பண்ணுவாங்க.”

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். பேச்சு முடிந்து ஆட்கள் இறங்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். தணிவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, படிக்கட்டு வரை கேட்கும்படி கேட்டார்.

“நாளைக்கும் படம் உண்டுங்களா?”

“உண்டுங்க.”

“நாளைக்கு ஒருக்கா அந்தப் பக்கம் உக்காந்து பாத்துக்கட்டுங்களா? இந்தப் பக்கம் கை மாறித் தெரியுதுங்க.”

பாசத்தில் கேட்கிறாரா, நூல் பிடித்துப் போய்த் தங்கையை எட்டப் பார்க்கிறாரா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு வாருங்கள் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன்.

பிறகு நானும் அந்த அம்மாவும் சண்டைபோட்டோம். சண்டை என்றால் சண்டை. முடியவே முடியாது என்றேன் நான். அண்ணன் கேட்ட கேள்வியைக் கேட்டீர்களா இல்லையா என்றார் அவர். கேட்டதால்தான் பயமாக இருக்கிறது என்றேன். முத்தையா நடுவில் புகுந்து, “ரெண்டு பேரும் இம்புட்டுக் கத்துதீகளே, அந்தப் புள்ளைகிட்ட யாராச்சும் கேட்டீகளா?” என்றார்.

இரண்டு பேரும் சரசுவைத் தேடி நடந்தோம்.

சரசு துணிக்கு அந்தப் பக்கம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் சொல்ல ஆரம்பிக்குமுன்பே, “கேட்டனுங்க. எல்லாங் கேட்டேன்” என்றார். வெட்டுவேன் என்று சொன்னவரம்மா அவர் என்று நான் ஞாபகப்படுத்தினேன். “வெட்டறவரு நல்லா இருக்காங்களான்னு கேப்பாருங்களா?” என்றார். கேட்கவும் கூடும் என்றேன். என் கவலை எனக்கு. சரசு கணவரைப் பார்த்தார். அவர், “உன்ற அண்ணன், உன்ற கை. நான் படியிலயே நிக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

“நாளைக்கு முன்னாடி உக்காந்து பாக்கட்டுங்க” என்றார் சரசு. “நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

மூன்றாம் நாள் பக்கங்களைப் பழையபடி வைத்தோம். கூட்டம் குறைவு. அண்ணன் வெளுத்த வேட்டி கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல வந்தார். புரொஜெக்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். முத்தையா விளக்கு ஸ்விட்சின் பக்கத்தில்.

இடது கை வந்தது. அண்ணன் அசையவில்லை. மடித்தது, தட்டியது, பெட்டியில் வைத்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. படம் முடிகிற இடத்தில் அந்தக் கை பெட்டி மூடியை அழுத்திவிட்டு அப்படியே ஒரு நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் துணி லேசாகப் புடைத்தது. “காத்தடிக்குதுங்க, சன்னலச் சாத்துங்க” என்று யாரோ சொன்னார்கள். முத்தையா நகரப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். காற்று இல்லை அது. பனியன் துணியில் பின்னாலிருந்து கையை வைத்து அழுத்தினால் விரல் விரலாகத் தெரியும். படத்தில் இருந்த கையின் மேலேயே இன்னொரு கை எழும்பி நின்றது.

அண்ணன் எழுந்தார். அவர் நிழல் படத்தை மறைத்தது. “உக்காருங் சாமி, மறைக்குது” என்று பின்னாலிருந்து சத்தம். அவர் துணிக்கு முன்னால் போய் நின்றார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவர் கை உயரவில்லை. மெதுவாகப் பேச நினைத்திருப்பார். தறிக்காரருக்கு மெதுவாகப் பேச வராதே. கூடம் முழுக்கக் கேட்டது.

“ஏங்கண்ணு... சாப்டியா?”

துணிக்கு அந்தப் பக்கமிருந்து, “இன்னும் இல்லீங்ணா” என்று வந்தது. வாயாடி சரசுவின் குரல்தான். பாதிதான் வந்தது.

ஃபிலிம் தீர்ந்து, அதன் வால் டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. துணியில் வெறும் வெள்ளை வெளிச்சம். அதில் அண்ணனின் நிழல். அந்தப் பக்கமிருந்து பார்த்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். முத்தையாவின் விரல் ஸ்விட்சுக்குப் போனது. படம் முடிந்தால் விளக்கைப் போடுவது அவர் வேலை. “இரு” என்றேன். யாரும் எழவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா புரொஜெக்டரின் மேல் கைவைத்தபடி நின்றார், நிறுத்தவில்லை. அண்ணன் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூங்கிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். போன பிறகும் நான் விளக்கைப் போடச் சொல்லவில்லை. அங்கே அழுவது கேட்டது, மூக்கைச் சிந்துவது கேட்டது, கடைசியாகச் சரசு ஏதோ சொல்லி அண்ணன் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகுதான் போடச் சொன்னேன்.

உங்கள் கூடத்தில் படம் முடிந்ததும் தானாகவே எரிகிறதே ஒரு விளக்கு, அதை முதலில் கழற்றிவிட்டு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆளைப் போடுங்கள்.